ராஜ்மகால் மலை விடுதியில் ஒயரிங் வேலை: எலக்ட்ரீஷியன் குழுக்களுக்கு

ராஜ்மகால் மலையில் பல இடங்களில் ஒரு முழம், ஒன்றரை முழம் மண்ணுக்குக் கீழே கருங்கல்தான். எரிமலைக் குழம்பு இறுகிய கல். சாலையோரமெல்லாம் குவாரி. ஜார்க்கண்டின் சாகிப்கஞ்ச், பாகூர் பக்கத்துக் கிறிஸ்தவ மிஷன் பணித்தளங்களுக்கு ஒயரிங் வேலைக்காகப் போகும் சபைக் குழுக்கள் முதலில் இந்தக் கல்லை மனதில் வைத்துத் திட்டமிட வேண்டும். பிள்ளைகள் தங்கும் விடுதியில் எர்த் (கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு) சரியில்லையென்றால், மற்ற வேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அது ஆபத்தான கட்டடம்தான்.

மலைமேல் வாழும் பஹாடியா மக்கள் பேசும் மால்டோ, தமிழைப் போலவே திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தென்தமிழ்நாட்டுச் சபைகளிலிருந்து ஊழியர் குடும்பங்கள் பல ஆண்டுகளாக அங்கே இருக்கின்றன. அவர்களுக்குப் பிரசங்கம் செய்ய ஆள் கிடைத்துவிடும். கசியும் குழாயை அடைக்க, ஷாக் அடிக்கும் சுவரைச் சரிசெய்ய ஆள் கிடைப்பதுதான் கடினம். பவுல் கொரிந்துவில் கூடாரத் தொழில் செய்தே ஊழியம் பார்த்தார். ஹவுராவுக்கு வடக்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கும் செராம்பூருக்கு 1799-இல் வந்த வில்லியம் வார்டு அச்சுத் தொழிலாளி. அங்கிருந்த மிஷனின் அச்சகம் அவர் கையில்தான் ஓடியது. கைத்தொழிலோடு போவது நம் மிஷன் வரலாற்றில் புதிதல்ல.

வேலையில் பாதி ஊரிலேயே முடிந்துவிட வேண்டும். “அண்ணன், ஒயரிங் பழசாயிட்டு, வந்து பாருங்க” என்ற ஒரு வரியை நம்பி ரயில் ஏறக் கூடாது. பணித்தள ஊழியரிடம் ஒவ்வொரு அறையின் நான்கு சுவர், மேற்கூரை, மெயின் போர்டு, மீட்டர், மின்கம்பத்திலிருந்து வரும் ஒயர் எல்லாவற்றையும் போட்டோ கேளுங்கள். அறைகளின் நீள அகலத்தை அடிக்கணக்கில் எழுதி வாங்குங்கள். மீட்டரில் எத்தனை கிலோவாட் அனுமதி, மாலை ஏழு மணிக்கு வோல்டேஜ் எவ்வளவு என்ற இரண்டும் கட்டாயம். இருநூறு ரூபாய் பக்கத்தில் கிடைக்கும் பிளக்-இன் வோல்ட் மீட்டரை முன்கூட்டியே கூரியரில் அனுப்பி, ஒரு வாரம் காலை, மாலை அளவைக் குறித்துவைக்கச் சொன்னால் போதும். மாலையில் 160 வோல்ட் என்று தெரிந்தால் பொருள் பட்டியலே மாறிவிடும்.

உரிம விஷயத்தையும் இப்போதே பேச வேண்டும். தமிழ்நாட்டில் வாங்கிய கம்பியாள் சான்று நம் கைத்திறனுக்கு அடையாளம். ஆனால் அங்கே மின்நிறுவனத்திடம் கொடுக்கும் சோதனை அறிக்கையில் கையெழுத்திட அந்த மாநில உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் வேண்டும். அப்படி ஒருவரை ஊழியர் முன்கூட்டியே பேசி வைத்து, அவர் மேற்பார்வையில் நாம் வேலை செய்வதே முறை. அனுமதி லோடைக் கூட்ட வேண்டியிருந்தால் விண்ணப்பத்தையும் முன்பே கொடுத்துவிட வேண்டும். நாம் இருக்கும் ஒரு வாரத்துக்குள் அது நடந்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

ஆறு அறை, ஒரு சமையற்கட்டு, ஒரு ஜெப அறை உள்ள விடுதியை எடுத்துக்கொள்வோம். சுமார் 24 லைட், 14 ஃபேன், 10 பிளக் பாயின்ட் வரும். ஒரு லைட்-ஃபேன் சர்க்யூட்டுக்கு 10 பாயின்ட் அல்லது 800 வாட், எது முன்னால் வருகிறதோ அதுதான் எல்லை. ஆகவே லைட், ஃபேனுக்கு நான்கு சர்க்யூட், பிளக்குக்குத் தனியாக, சமையற்கட்டுக்குத் தனியாக, மோட்டாருக்குத் தனியாக. லைட்டுக்கு 1.5 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஒயரும் 6 ஆம்பியர் எம்.சி.பி.யும் (லோடு மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்), பவர் பிளக்குக்கு 2.5 ஸ்கொயரும் 16 ஆம்பியரும். 90 மீட்டர் காயில் கணக்கில் 1.5 ஸ்கொயர் சிவப்பு 5, கறுப்பு 4, பச்சை 2, 2.5 ஸ்கொயரில் ஒவ்வொரு நிறத்திலும் ஒன்று. இதற்கு மேல் பத்து சதவீதம் கையிருப்பு. ஒயரிங் செய்யத் தெரிந்த இருவர், உதவிக்கு இருவர் போனால் ஆறு வேலை நாள். ஏழாவது நாளைச் சோதனைக்கென்றே ஒதுக்கிவிடுங்கள், அதை வேறு எதற்கும் கொடுக்காதீர்கள்.

ஊரிலிருந்து எடுத்துப்போக வேண்டியவை சில மட்டுமே: ஆர்.சி.சி.பி. (மின்கசிவு கண்டால் தானே அறுக்கும் சுவிட்ச்), எம்.சி.பி., மெகர் (ஒயர் மேல்தோலின் காப்பை அளக்கும் கருவி), எர்த் டெஸ்டர், கிளாம்ப் மீட்டர், நல்ல ஹாமர் டிரில், 6 மற்றும் 8 மி.மீ. பிட்கள். பைப், கேசிங் (சுவர்மேல் ஒயரை மூடும் பட்டை), பாக்ஸ், சுவிட்ச், ஹோல்டர் எல்லாம் அங்கேயே சாகிப்கஞ்ச் அல்லது பரஹர்வா கடைவீதியில் வாங்குங்கள். காசு மிச்சம் என்பது இதற்குக் காரணமல்ல. நாளை ஒரு சுவிட்ச் உடைந்தால் அதே மாடல் அந்தக் கடையில் கிடைக்க வேண்டும். சென்னையில் வாங்கிய அழகான மாடுலர் சுவிட்ச் அங்கே உடைந்தால், அந்த ஓட்டையில் இரண்டு ஒயரை முறுக்கிவிட்டு வாழ்வார்கள். பி.வி.சி. பசை தீப்பிடிக்கும் பொருள். ரயிலிலும் விமானத்திலும் கொண்டுபோகக் கூடாது. பில் எல்லாம் பணித்தள நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை போவது நல்லது. அந்தப் பகுதியில் மலேரியாவும் காலா அசார் என்ற கருங்காய்ச்சலும் உண்டு. மலேரியாத் தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று மருத்துவரிடம் முன்பே கேளுங்கள், கொசுவலை இல்லாமல் படுக்காதீர்கள். காலா அசாரைப் பரப்பும் மணல் ஈ மண்சுவரின் விரிசலிலும் வெடிப்பிலும்தான் தங்கும். இதனால் நம் வேலை முறையும் மாறுகிறது: மண்சுவரில் காடி வெட்டவே கூடாது. சுவரும் பலமிழக்கும், ஈக்கும் இடம் கிடைக்கும். சுவர்மேல் கேசிங் அடித்து ஒயர் இழுங்கள். செங்கல் சுவரில் துளை போட்டாலும், ஒயர் நுழைந்த பிறகு சிமெண்ட் பூசி அடைத்துவிட்டுத்தான் அடுத்த அறைக்குப் போக வேண்டும்.

தகரக் கூரை உள்ள அறையில் கூடுதல் கவனம் தேவை. இரும்புச் சட்டத்தில் ஒயரை நேராகக் கட்டிப் போட்டிருப்பார்கள். வெயிலில் தகரம் சுட்டு, சில வருடத்தில் ஒயரின் மேல்தோல் வெடித்து, கூரை முழுவதும் மின்சாரம் பாய்ந்து நிற்கும். மழையில் ஈரமான சுவரைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று பிள்ளைகள் சொன்னால் முதலில் கூரையைப் பாருங்கள். பழைய ஒயரை முழுவதும் கழற்றுங்கள். உபயோகத்தில் இல்லை என்று ஒரு துண்டைக்கூட விட்டுவிடக் கூடாது. புது ஒயர் பைப்புக்குள் போகட்டும். பைப்பின் இரண்டு வாயையும் அடைத்துவிடுங்கள், எலி கடிக்காது. இரும்புச் சட்டத்தை 4 ஸ்கொயர் பச்சை ஒயரால் எர்த் பாருடன் இணையுங்கள்.

இனி எர்த். வழக்கமான இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப் இங்கே இறங்காது. அரை மீட்டரில் கல் தட்டும். கல்லை உடைத்து இறக்குவதிலேயே இரண்டு நாள் போய்விடும், அளவும் பெரிதாகக் குறையாது. அதைவிடப் படுக்கைவாட்டில் போவது மேல். 25-க்கு 6 மி.மீ. ஜி.ஐ. பட்டையை அரை மீட்டர் ஆழக் குழியில் 15 மீட்டர் நீளத்துக்குப் புதையுங்கள். குளியலறைக் கழிவுநீரோ கைபம்புத் தண்ணீரோ ஓடும் பக்கமாகத் தடம் அமைந்தால் வருடம் முழுக்க ஈரம் இருக்கும். தோண்டிய கல்லையே திரும்பப் போட்டு மூடாமல், வேறிடத்திலிருந்து வயல் மண் கொண்டுவந்து பட்டையைச் சுற்றி மிதித்து இறுக்க வேண்டும். உப்பு கொட்டினால் உடனே அளவு நன்றாகக் காட்டும். ஆனால் ஒரு மழைக்காலத்தில் கரைந்து ஓடிவிடும், பட்டையையும் அரிக்கும்.

இத்தனை செய்தும் 20, 30 ஓம் காட்டலாம். நம்மூரில் 5 ஓமுக்குக் கீழே என்று பழகியவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். இங்கேதான் கணக்குப் போட வேண்டும். 30 ஓம் எர்த் உள்ள இடத்தில் கிரைண்டரின் உடம்பில் பேஸ் (மின்சாரம் வரும் ஒயர்) பட்டால் ஓடும் கரண்ட் 230-ஐ 30-ஆல் வகுத்தது, ஏழெட்டு ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது சாதாரண லோடு, விழவே விழாது. எர்த் ஒயர் கொடுத்தும் கிரைண்டர் உடம்பு கிட்டத்தட்ட முழு வோல்டேஜில் நிற்கும். எர்த் 10 ஓம் என்றாலும் 23 ஆம்பியர், எம்.சி.பி. விழ ஒரு மணி நேரம்கூட ஆகலாம். ஆகவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் இந்த மலையில் ஒரு விடுதியையும் ஒப்படைக்கக் கூடாது. அது இருந்தால் 30 ஓம் எர்த்தும் போதுமானது. கசிவு மெல்ல ஏறினால் உடம்பில் ஒரு வோல்ட் ஏறுவதற்குள் அறுத்துவிடும், பேஸ் நேராகப் பட்டாலும் கண நேரத்தில் அறுத்துவிடும். பணம் குறைந்தால் ஃபேனைக் குறையுங்கள், இதைக் குறைக்காதீர்கள்.

பல்பை பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்து எரிந்தால் எர்த் நல்லது என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. 100 வாட் குண்டு பல்பின் தடை எரியும்போது சுமார் 530 ஓம். அதோடு 30 ஓம் சேர்ந்தாலும் வெளிச்சத்தில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எர்த் டெஸ்டரால்தான் அளக்க வேண்டும். எர்த் ஒயரை மெயினிலிருந்து கழற்றிவிட்டு, டெஸ்டரோடு வரும் கரண்ட் முளைக்கம்பியை 30 மீட்டரிலும் வோல்டேஜ் முளைக்கம்பியை அதே நேர்கோட்டில் 18, 19 மீட்டரிலும் அடியுங்கள். பட்டை நீளமாக இருப்பதால் கம்பிகள் பட்டைக்குக் குறுக்காக விலகிப் போகட்டும்; பட்டையோடு ஒட்டிப்போனால் அளவு பொய் சொல்லும். முடிந்தால் தூரத்தைக் கூட்டி இன்னொரு முறை அளந்து ஒப்பிடுங்கள். கல்லில் கம்பி இறங்காவிட்டால் படுக்க வைத்து ஈரச் சாக்கால் மூடினால் வேலை செய்யும். கழற்றியிருக்கும் நேரம் முழுக்க மெயின் அணைந்தே இருக்க வேண்டும். குளிர்காலத்தில் கிடைக்கும் அளவு மே மாதத்தில் ஏறும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஆர்.சி.சி.பி. போட்டதும் அது நிற்காமல் விழுகிறது என்ற புகார் வரும். பெரும்பாலும் இரண்டு காரணம். ஒரு அறையின் நியூட்ரலை (மின்சாரம் திரும்பிப் போகும் ஒயரை) அடுத்த சர்க்யூட்டிலிருந்து இழுத்திருப்பார்கள். அல்லது நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். அப்போது ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிட்டு நேராக இணைக்கும் எண்ணம் உள்ளூர் மிஸ்திரிக்கு (எலக்ட்ரீஷியனுக்கு) வரும். அதைத் தடுக்கத்தான் முழு விடுதிக்கும் ஒன்று போடாமல் இரண்டு மூன்றாகப் பிரிக்கிறோம். மோட்டார் தனி ஆர்.சி.சி.பி.யில் இருந்தால், பழைய சப்மெர்சிபிள் கசிந்தாலும் பிள்ளைகள் அறையில் லைட் அணையாது. ஒவ்வொன்றுக்கும் நியூட்ரல் பார் தனித்தனி.

இன்வெர்ட்டர் இருந்தால் இன்னும் ஒரு சோதனை. 150 ஏ.எச்., 12 வோல்ட் பேட்டரியில் 1800 வாட் அவர் என்று எழுதியிருந்தாலும், பாதிக்கு மேல் இறக்காமல், இன்வெர்ட்டர் இழப்பையும் கழித்தால் கையில் கிடைப்பது 700 சொச்சம். பத்து 9 வாட் பல்ப், ஐந்து பி.எல்.டி.சி. ஃபேன் (குறைந்த மின்சாரத்தில் ஓடுவது) என்றால் மூன்று மணி நேரம். படிப்பு நேரத்துக்குப் போதும். இன்வெர்ட்டர் சர்க்யூட்டின் ஆர்.சி.சி.பி. இன்வெர்ட்டருக்கு அடுத்து வர வேண்டும். மெயினை அணைத்து பேட்டரியில் ஓடும்போது, 15 வாட் குண்டு பல்பை பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே தொடுங்கள். அதில் ஓடும் 65 மில்லி ஆம்பியருக்கு ஆர்.சி.சி.பி. உடனே விழ வேண்டும். விழாவிட்டால் பேட்டரியில் ஓடும்போது நியூட்ரலுக்கு எர்த் தொடர்பு இல்லை என்று பொருள். டெஸ்ட் பட்டன் இதைக் காட்டித் தராது. இன்வெர்ட்டர் கம்பெனியின் வரைபடத்தைப் பார்த்துச் சரிசெய்யாமல் அந்த இணைப்பை விடாதீர்கள்.

ஏழாவது நாள் மெகர். பல்ப், ஃபேன் ரெகுலேட்டர், இன்வெர்ட்டர், ஆர்.சி.சி.பி. எல்லாவற்றையும் பிரித்துவிட்டு 500 வோல்ட் கொடுங்கள், இல்லாவிட்டால் அவை போய்விடும். புது ஒயரிங்கில் பல மெகா ஓம் காட்ட வேண்டும். ஒரு மெகா ஓமுக்குப் பக்கத்தில் வந்தால் எங்கோ ஸ்க்ரூ ஒயரைக் குத்தியிருக்கலாம். அளவுகளை அறைவாரியாக எழுதி போர்டுக்குள் ஒட்டிவிடுங்கள்.

நடத்தை பற்றியும் சில சொல்ல வேண்டும். டிரில் ஓடும் அறையில் பிள்ளைகள் இருக்கக் கூடாது. வேலையாள் எவரும் பிள்ளைகளோடு தனியே இருக்கக் கூடாது. அவர்கள் படத்தை எங்கும் போடக் கூடாது. ஜார்க்கண்டில் 2017 முதல் மதச் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. ஆசை காட்டி மதம் மாற்றுவது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நம் உதவிக்கு விலை இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் ஹோல்டர் மாற்றக் கூப்பிட்டால், அவர் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், அதே கவனத்தோடு செய்துவிட்டு வாருங்கள்.

முதல் நாளிலிருந்தே உள்ளூர் மிஸ்திரி ஒருவரைக் கூலி கொடுத்துக் கூட வைத்துக்கொள்ளுங்கள். இலவசமாக வந்த நாம் அவர் பிழைப்பைக் கெடுத்ததாக இருக்கக் கூடாது. டி.பி. (எம்.சி.பி.கள் இருக்கும் பெட்டி) முழுவதையும் அவர் கையாலேயே ஒரு முறை கட்ட வையுங்கள். ஒவ்வொரு எம்.சி.பி.க்கும் கீழே எந்த அறை என்று இந்தியில் எழுதுங்கள். உதிரிப் பெட்டியில் ஒரு ஆர்.சி.சி.பி., இரண்டு எம்.சி.பி., ஐந்து சுவிட்ச், ஐந்து ஹோல்டர், இரண்டு ஃபேன் கெப்பாசிட்டர், ஒரு டெஸ்ட் லேம்ப் இருக்கட்டும். விடுதிப் பொறுப்பாளருக்கு மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டன் அமுக்கக் கற்றுக்கொடுங்கள். வோல்டேஜ் மிகக் குறைந்த நேரத்தில் பட்டன் வேலை செய்யாமல் போகலாம், அதனால் பகலில் அமுக்கச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி. விழுந்தால் எல்லா எம்.சி.பி.யையும் இறக்கி, ஆர்.சி.சி.பி.யை ஏற்றி, ஒவ்வொரு எம்.சி.பி.யாக ஏற்ற வேண்டும். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த அறைப் பெயரைப் போனில் சொன்னால் போதும். நியூட்ரல் எர்த்தைத் தொட்டிருந்தால் எல்லாம் இறங்கியிருக்கும்போதே விழக்கூடும், அப்போது மிஸ்திரியைக் கூப்பிட்டு நியூட்ரல் பாரில் ஒவ்வொரு ஒயராகக் கழற்றிப் பார்க்க வேண்டும்.