ஒரு கொம்பும் ஒரு துணைக்காலும்

தேடல் பெட்டியில் 'பொன்னி' என்று அடித்தால் எதுவும் வரவில்லை. கீழே பட்டியலில் பொன்னி கண்ணெதிரே இருக்கிறார். மீனா வருகிறார், ராமு வருகிறார். பொன்னி, கோமதி, சொக்கலிங்கம் மட்டும் வரமாட்டேன் என்கிறார்கள்.

இரண்டு பழைய தரவுத்தளங்களை ஒன்றாக்கும் வேலை அது. இரண்டு நாள் நிரலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். யாரிடமாவது கேட்கலாம்தான். ஆனால் இத்தனை வருட அனுபவம் உள்ளவன் 'பெயர் தேடினால் வரவில்லை' என்று போய் நிற்பதா? அதற்கு முன் நான் இருந்த ஓர் அலுவலகத்தில் கேள்வி கேட்டாலே, "இதுகூடத் தெரியாதா?" என்பார்கள். அங்கே ஒரு மூத்தவர் தன் குறிப்பேட்டை இழுப்பறையில் பூட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள், வேறு வழியில்லாமல், எழுத்துரு வடிவமைக்கும் ஒருவருக்குச் செய்தி அனுப்பினேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பயிற்சி வகுப்பில் பக்கத்து நாற்காலிக்காரர். அன்று அவருடைய மடிக்கணினியில் ஏதோ கோப்பு திறக்கவில்லை, அரைமணி நேரம் இருவருமாகக் குடைந்து திறந்தோம். அதற்கப்புறம் ஒரு பேச்சும் கிடையாது. இப்போது போய்க் கேட்கிறோமே என்று கூச்சமாகத்தான் இருந்தது.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "பொ-வுக்குள்ளே எத்தனை குறி இருக்குன்னு எண்ணிப் பாருங்க."

எண்ணினேன். ஒரு தரவுத்தளத்தில் 'பொ' என்பது இரண்டு குறிகள்: ப, அதோடு ஒகரக் குறி. மற்றொன்றில் மூன்று: ப, ஒற்றைக்கொம்பு, துணைக்கால். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோட் என்ற பொதுமுறையின் விதிப்படியும் இரண்டும் சமம்தான். கணினி எழுத்தைச் சேமிக்கும் அலகுகளான பைட்டுகளை வரிசையாக ஒப்பிடும் நிரலுக்கு அது எங்கே தெரியும்? அதற்கு ஒன்று ஆறு பைட், இன்னொன்று ஒன்பது பைட், அவ்வளவுதான். எல்லாப் பெயர்களையும் என்எஃப்சி என்ற சீர்வடிவத்துக்கு ஒருமுறை மாற்றி, தேடும் சொல்லையும் அப்படியே மாற்றியதும் பொன்னி வந்துவிட்டார்.

என் குழுவில் யாரைக் கேட்டிருந்தாலும் இது கிடைத்திருக்காது. அவர்களும் நான் பார்த்த அதே நிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் எழுதிய கட்டுரை இதைத்தான் பேசுகிறது. தெரிந்தவர் மூலம் புது வேலை கிடைத்தவர்களிடம், அந்த ஆளை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்துவந்தீர்கள் என்று கேட்டார். வாரம் இரண்டு முறையாவது பார்த்தோம் என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6. வருடத்துக்கு ஒருமுறை, அதுவும் இல்லை என்றவர்கள் 27.8. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். சற்றுத் தள்ளி இருப்பவர் வேறு இடத்துச் செய்தியோடு வருகிறார். வேலைத் தொடர்புகளுக்கான தளமான லிங்க்ட்இன்னில் சுமார் 2 கோடிப் பேரை வைத்துச் செய்து 2022இல் வெளியான ஆய்வு இதில் ஒரு திருத்தம் சொன்னது: ரொம்ப மெல்லிய பழக்கத்தைவிட, நடுத்தரமான பழக்கம்தான் அதிகம் உதவுகிறது.

அந்த நடுத்தரம் எப்படி உண்டாகிறது என்பதில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. என் மேசையில் ஒரு பெட்டி நிறைய முகவரி அட்டைகள் இருக்கின்றன. கைகுலுக்கி வாங்கியவை. அவற்றில் ஒருவருடைய முகமும் நினைவில்லை. கோப்பு திறக்காத அந்த அரைமணி மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. சேர்ந்து எதையாவது சரிசெய்திருக்க வேண்டும், சின்னதாக இருந்தாலும் போதும். (இரண்டு வருடம் கழித்து "வணக்கம், நலமா?" என்று ஒரு வரியும், அடுத்த நிமிடமே தன்விவரக் குறிப்பும் அனுப்புகிறவர்களைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.)

இதில் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். அலுவலகக் கூட்டத்தில் பிரச்சினை தீர்ந்த கதையை விளக்கினேன். கைதட்டினார்கள். அவர் பெயர் என் வாயில் வரவில்லை. மறந்தேன் என்று சொல்லலாம், ஆனால் முழுக்க மறதி இல்லை. அன்று ராத்திரி உறுத்தியது. நடந்ததை இரண்டு பக்கமாக எழுதி, முதல் வரியிலேயே அவர் பெயரைப் போட்டு, கூட்டத்தில் இருந்த எல்லாருக்கும் அனுப்பினேன். அவருக்கும் ஒரு பிரதி.

அதைப் படித்துவிட்டு அவர் தொலைபேசியில் அழைத்தார். நன்றி கின்றி எல்லாம் பேசவில்லை. "சரி, என்கிட்டயும் ஒரு சிக்கல் இருக்கு" என்று ஆரம்பித்தார். பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் தட்டச்சான ஆயிரக்கணக்கான பக்கங்களை யூனிகோடுக்கு மாற்ற வேண்டுமாம். எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. அந்த வேலை தெரிந்த ஒரு பெண்மணி இருந்தார், அவரோடு எனக்கு இரண்டு மின்னஞ்சல் அளவுக்குத்தான் பழக்கம். இருவரையும் அறிமுகப்படுத்திவிட்டு ஒதுங்கிக்கொண்டேன்.

அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. முந்தாநாள் நானே கேட்டேன், "அந்தப் பக்கங்கள் என்ன ஆச்சு?" என்று.

"அதுவா? போன மாசமே முடிஞ்சிருச்சே. இப்போ ரெண்டு பேருமா வேற ஒண்ணு பண்ணிட்டிருக்கோம். உங்ககிட்ட சொல்லலையா?"