போகவே மாட்டேன் என்ற 121

பென்சோயிக் அமிலத்தை மெத்தனாலில் கரைத்து, ஒரு சொட்டு அம்மோனியா விட்டு, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் (அயனிகளை நிறைப்படி பிரித்துக் காட்டும் கருவி) எலக்ட்ரோஸ்பிரேயாகத் தெளித்து, எதிர்மின் அயனிகளை மட்டும் பார்க்கும் நெகட்டிவ் மோடில் ஓட்டினால் நிறை 121-இல் பென்சோயேட் அயனியின் பீக் ஜம்மென்று நிற்கும். அதை அயன் டிராப்பில் (அயனிகளைப் பிடித்து வைக்கும் பகுதி) தனியாகப் பிடித்து ஹீலியத்தோடு மோதவிட்டால், 44 நிறையுள்ள கார்பன் டை ஆக்சைடு கழன்று, 77-இல் பீனைல் எதிர்மின் அயனி வரவேண்டும். எனக்கு வேண்டியது அந்த 77. அதை மெத்தில் அயோடைடோடு வினைபுரியவிட்டு வேகத்தை அளப்பதுதான் திட்டம்.

77 வந்தது, ஆனால் பேருக்கு. மோதல் ஆற்றலைக் கூட்டக் கூட்ட மொத்த சிக்னலே படுத்துவிட்டது. 121 மட்டும் அடியோடு போக மறுத்தது. இரண்டு வாரம், அயனிகள் உருவாகும் சோர்ஸைக் கழற்றித் துடைத்தேன், கேப்பிலரியை மாற்றினேன். பழி முழுக்கக் கருவி மேல்.

ஒருநாள் சீனியர் அக்கா திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "77-ஐ மட்டும் பிடிச்சு வை. எனர்ஜி எதுவும் குடுக்காம சும்மா காத்திரு" என்றார். 10 மில்லி செகண்டில் 77 மட்டும்தான் இருந்தது. 100-இல் பார்த்தால், 121-இல் ஒரு சின்ன முளை. 500-இல் 77 ஏறக்குறைய காலி, 121 தலைதூக்கி நிற்கிறது. உள்ளே பூட்டி வைத்தது 77. அதைவிடக் கனமானது வெளியே வருகிறது!

கழன்ற துண்டே திரும்ப ஒட்டிக்கொள்கிறதோ என்று சந்தேகம். கழன்றுபோகும் கார்பாக்சில் கார்பன் மட்டும் நிறை ஒன்று கூடிய கார்பன்-13 ஆக இருக்கும் பென்சோயிக் அமிலம் அலமாரியில் கொஞ்சம் இருந்தது. அதன் அயனி 122. 45-ஐ இழந்து அதே 77 ஆகும். பிறகு திரும்பி வந்தது 122 அல்ல, 121. அப்படியானால் ஒட்டியது டிராப்புக்குள் கசிந்திருந்த காற்றின் கார்பன் டை ஆக்சைடுதான். கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்து அமிலம் செய்யும், பி.எஸ்சி.யில் படித்த கிரிக்னார்ட் வினையேதான் இது, மெக்னீசியமும் ஈதரும் இல்லாமல்.

சரி, மீதி சிக்னல் எங்கே? அது தண்ணீர் செய்த வேலை. வாயு நிலையில் பென்சீனிலிருந்து ஒரு புரோட்டானைப் பிடுங்க மோலுக்குச் சுமார் 401 கிலோகலோரி வேண்டும். தண்ணீரிலிருந்து பிடுங்க 391 போதும். ஆகவே ஒரு நீர் மூலக்கூறு எதிர்ப்பட்டாலே பீனைல் அயனி அதன் புரோட்டானைப் பறித்துக்கொண்டு பென்சீனாகிவிடும். மின்சுமை ஹைட்ராக்சைடுக்குப் போகும், அதன் நிறை 17. எங்கள் டிராப்போ, பிடித்து வைத்த அயனியின் நிறையில் கால் பங்குக்குக் கீழே இருப்பதைத் தக்கவைக்காது. 121-ஐ உடைத்தாலும் சரி, 77-ஐப் பிடித்து வைத்தாலும் சரி, 17 கண்ணிலேயே படாது. நான் சிக்னல் விழுகிறது என்று நினைத்ததில் பெரும்பகுதி இப்படி மறைந்துபோனதுதான். துடைத்துத் துடைத்து நான் பளபளப்பாக்கிய சோர்ஸுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அப்புறம் வாரக் கடைசி முழுக்கப் பம்பை ஓடவிட்டு, காத்திருக்கும் நேரத்தை 30 மில்லி செகண்டுக்குள் வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை காலை ஹீலியத்தோடு துளி மெத்தில் அயோடைடு கலந்து விட்டபோது, வினை நடந்ததற்கு அடையாளமாக 127-இல் அயோடைடு வந்தது. பக்கத்திலேயே, குட்டியாக, 121-உம்.