பனி என்று சொல்லிக் கூட்டிப் போனார்கள்

நேற்று விடியப்புறம்தான் நுவரெலியாவிலிருந்து யாழ்ப்பாணம் வந்து இறங்கினோம். வேனில் மடங்கிக் கிடந்த கால் வீக்கம் இன்னும் வற்றவில்லை. இப்போதே எழுதாவிட்டால் கோபமும் ஆறிவிடும், அந்தப் புல்வெளியும் கண்ணிலிருந்து மங்கிவிடும்.

தைப்பொங்கலுக்கு இரண்டு கிழமை முன்பு முகநூலில் ஒரு விளம்பரம். பைன் மரங்கள், முழங்கால் அளவு வெண்பனி, அதில் சறுக்கி விளையாடும் பிள்ளைகள். மேலே பெரிய எழுத்தில் ‘பனி பார்க்கப் போவோம், குளிர்கால விடுமுறை’. ஆளுக்கு 16,500 ரூபாய். நாலு பேருக்கு 66,000. சீட்டு எடுத்த காசு அப்படியே போனது. இலங்கையில் வெண்பனி கொட்டுவதில்லை. நாட்டிலேயே உயரமான பிதுருதலாகலை 2,524 மீட்டர்தான். வெப்ப வலயத்தில் வெண்பனிக்கு அந்த உயரம் போதாது. இதைச் சின்னவளுக்கு இரண்டு தரம் சொன்னேன். அவள் என்னை விட்டுவிட்டுப் படத்தைத்தான் நம்பினாள். பனியில் பொம்மை செய்யக் கரட் ஒன்றைக்கூடப் பையில் வைத்திருந்தாள்.

இரவு 7 மணிக்கு வெளிக்கிடுவதாகச் சொன்ன வேன் 9.40க்கு வந்தது. பதினாலு இருக்கை, பதினெட்டுப் பேர். எனக்குக் கிடைத்தது நடுவில் மடக்கும் இருக்கை, சாய வழியில்லை. றம்பொடை வளைவுகளில் பெரியவன் மூன்று தரம் சத்தி எடுத்தான். நிற்பாட்டச் சொல்லிக் கத்தியும் சாரதி நிற்பாட்டவில்லை.

அறையில் ஆளுக்கு ஒரு மெல்லிய போர்வை. இன்னொன்று வேண்டுமென்றால் 500 ரூபாய். சுடுதண்ணி காலையில் ஒரு மணித்தியாலம் மட்டும். 1,868 மீட்டர் உயரத்தில், தை மாத இரவில், போர்வைக்குத் தனிக்காசு வாங்குவது பகற்கொள்ளை. கூட்டிப்போனவரிடம் போய்ப் படத்தையும் காட்டி நியாயம் கேட்டேன்.

“அண்ணை, பனி எண்டுதானே போட்டனாங்கள். வெளியில பாருங்கோ, பனி இருக்குத்தானே.”

எங்கள் மொழியில் பனி என்றால் எல்லாம்தான். மார்கழியில் பூவரசம் இலையில் நிற்கிற ஈரமும் பனி, வீதியை மறைக்கும் புகாரும் பனி, ஐரோப்பாவில் கொட்டுவதும் பனி. அந்த ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் வெளிநாட்டுப் படத்தை ஒட்டிவிட்டால் பொய் சொன்னதாகவும் ஆகாது, காசும் வந்துவிடும்.

ஆனால் நுவரெலியாவுக்கு இந்தப் பித்தலாட்டமே தேவையில்லை. அதுதான் என் ஆத்திரம்.

இரண்டாம் நாள் விடிய விடுதிக் காவல்காரர் கதவைத் தட்டினார். “சார், ராத்திரி மேகமே இல்ல, காத்தும் இல்ல. பிள்ளைங்கள எழுப்புங்க.” குதிரைப் பந்தயத் திடலுக்கு அவரே வழிகாட்டி நடந்தார். புல் முழுக்க வெள்ளை. குனிந்து பார்த்தால் ஒவ்வொரு புல்லின் ஓரத்திலும் ஆனையிறவு உப்புப்போலப் பொடிப்பொடியாக உறைபனி. மிதிக்க நொறுநொறுவென்று சத்தம். மேகம் மூடாத இரவில் நிலத்தின் சூடெல்லாம் மேலே போய்விட, காற்றின் ஈரம் புல்லிலேயே உறைந்துவிடுகிறது. சின்னவள் ஒரு புல்லை இரண்டு விரலால் உருவி, விரல் நுனியில் கரைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பொம்மையைப் பற்றிக் கேட்கவேயில்லை. வெயில் ஏறி அரை மணித்தியாலத்தில் எல்லாம் ஆவியாகப் புகைந்து போயிற்று. 66,000 ரூபாயும் அந்த அரை மணித்தியாலத்துக்கே தகும்.

அப்புறம் சாப்பாடு! பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை. கல்லிலிருந்து எடுத்த தேங்காய்ப்பூ ரொட்டி, கட்டாச் சம்பல், லீக்ஸ் போட்ட பருப்பு, இஞ்சித் தேத்தண்ணி. விறைத்த விரலுக்கு அந்தக் கோப்பையின் சூடே பெரிய சுகம். நாலு பேரும் வயிறு முட்டச் சாப்பிட்டோம். இரண்டு போர்வைக் காசுகூட வரவில்லை. பக்கத்து மேசையில் ஒரு தேயிலைத் தோட்டத்து அம்மா இருந்தார். புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்ததைச் சின்னவள் அவருக்குச் சொல்ல, “ஆமா கண்ணு, நம்ம மலையிலயும் விழுந்திருக்கு. கொழுந்து கருகிரும். கிலோ குறைஞ்சா அரைப்பேர்தான் போடுவாங்க” என்றார். அரைப்பேர் என்றால் பாதி நாள் சம்பளம். மனைவி இன்னொரு ரொட்டி எடுத்து அவர் பக்கம் தள்ளினாள்.

போக நினைப்பவர்களுக்கு: தை, மாசியில் போங்கள். ஏப்ரல் சீசனில் கூட்டமும் அறை வாடகையும் தாங்காது. வேன் வேண்டாம், கண்டிக்குப் பஸ் எடுத்து அங்கே மாறுங்கள். போர்வை, சுடுதண்ணி இரண்டையும் காசு கட்டும் முன்னமே கேளுங்கள். ஸ்வெட்டர் இல்லையென்றால் நுவரெலியாவிலேயே பேரம் பேசி வாங்கலாம். கிரகரி வாவிக்கு நடந்தே போகலாம். ஓட்டோக்காரர் எங்களிடம் 1,500 கறந்தார்.

புல்வெளியில் நான் எடுத்த படத்தைக் கூட்டிப்போனவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி, “அடுத்த விளம்பரத்துக்கு இதைப் போடுங்கோ, உறைபனி எண்டு எழுதுங்கோ, பிள்ளையள் ஏமாறாதுகள்” என்று எழுதினேன். பார்த்துவிட்டார். இன்று காலை மாசிப் பயணத்துக்கு விளம்பரம் வந்திருக்கிறது. அதே பைன் மரங்கள்.