ஜாகா வேலையும் 130-ஆம் சங்கீதமும்

மலேசியாவில், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 23 வருஷம் வேலை பார்த்தேன். ஆப்பரேட்டராகச் சேர்ந்து டெக்னீஷியன் ஆனவன். பாலத்துக்கு அக்கரையில், பிறையில் வீடு. பினாங்குப் பாலத்தைக் கம்பெனி பஸ்ஸில் தினமும் இரண்டு தடவை கடந்தேன். பாதி நாள் தூங்கிக்கொண்டே. 2019-இல் எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். கடிதம் கையில் வந்த அன்று மதியம் கேன்டீனில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. தட்டில் சோறு அப்படியே இருந்தது.

வருஷத்துக்கு 20 நாள் சம்பளம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். பெர்கேசோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலைக் காப்புறுதித் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு உதவித்தொகை கிடைத்தது. முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்த மாதம் 50, அப்புறம் இரண்டு மாதம் 40, கடைசி இரண்டு மாதம் 30. தொகை குறையக் குறைய, வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையும் கூடவே குறைந்தது. 49 வயதுக்காரனை யார் கூப்பிடுவார்கள்?

அந்த நேரம் பார்த்து மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. பல வருஷத்து இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், செய்த வேலை. வாரம் மூன்று நாள், ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ்.

நான் பிறந்ததிலிருந்து சபைக்குப் போகிறவன். ஞாயிறு பள்ளியில் சங்கீதங்களை மனப்பாடம் செய்து பரிசு வாங்கியவன். அப்படிப்பட்டவனுக்கு அந்த மாதங்களில் ஜெபம் வரவில்லை. முழங்காலில் நின்றால் மனதுக்குள் கடன் கணக்குதான் ஓடும். ஆராதனை முடிந்ததும் ஒருவர் கையைப் பிடித்து, "கவலைப்படாதீங்க பிரதர், கர்த்தர் இதைவிட நல்ல வேலை வெச்சிருக்காரு" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அது என்னைக் குத்தியது. வேலை போனவனிடம் தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். கர்த்தர் என்ன வைத்திருக்கிறார் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அடுத்த வாரம் எங்கள் சபை மூப்பர் ஐயா வீட்டுக்கு வந்தார். பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு நான்கு மாடி ஏறி வந்திருந்தார். அந்த ஃபிளாட்டில் லிஃப்ட் அன்றைக்கும் வேலை செய்யவில்லை. மூச்சு வாங்கி முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தம்பி, ஜெபம் பண்ண முடியலன்னா விடுங்க. நான் பண்றேன், நீங்க சும்மா உட்காருங்க" என்றார். ஜெபம் இரண்டு நிமிஷம்கூட இருக்காது. அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

டயாலிசிஸுக்கு உதவி வந்த வழியையும் சொல்ல வேண்டும். சீனர்கள் நடத்தும் ஒரு தர்ம மையத்தில் குறைந்த கட்டணத்தில் இடம் கிடைத்தது. வாசலில் புத்தர் சிலை. எங்களை என்ன மதம் என்று யாரும் கேட்கவில்லை. கர்த்தர் எந்தக் கையால் கொடுப்பார் என்று நான் போட்டு வைத்திருந்த எல்லைகள் அங்கே உடைந்தன. மனைவி கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்கு ஜூலையில் சீனர், தமிழர், வேறு மதத்தார் என்று எல்லோரும் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு நடப்பதைச் சிறு வயதிலிருந்தே பார்த்தவள். அவளுக்கு அது ஆச்சரியமாகவே இல்லை.

2020 தொடக்கத்தில் தீவுப் பக்கம் ஒரு கொண்டோமினியம் அடுக்குமாடியில் ஜாகா வேலை, அதாவது காவலாளி வேலை, கிடைத்தது. இரவு ஏழிலிருந்து காலை ஏழு வரை. நானாகத்தான் இரவு ஷிஃப்ட் கேட்டேன், பகலில் அவளைக் கூட்டிப் போக வேண்டுமே. பழைய சம்பளத்தில் பாதிதான். மோட்டார் சைக்கிளுக்குப் பாலத்தில் டோல் எடுத்துவிட்டிருந்தார்கள், அந்த மட்டும் மிச்சம். முதல் வாரம் சீருடையோடு கேட்டில் நின்றபோது என் பழைய சூப்பர்வைசர் காரில் உள்ளே போனார். தடுப்புக் கம்பத்தைத் தூக்கிவிட்டேன். அவர் கண்ணாடியை இறக்கிக் கை கொடுத்தார். அன்று இரவு முழுக்க அந்தக் கை என் மனதை விட்டுப் போகவில்லை.

என்னோடு இரவு வேலையில் இருந்தவர் நேப்பாளத்துக்காரர். மணிக்கு ஒரு தடவை ஒருவர் சுற்றி வர வேண்டும். கார் நிறுத்தும் தளம், குப்பை அறை, நீச்சல் குளம், பின்வாசல் என்று ஒவ்வோர் இடத்திலும் சுவரில் இருக்கும் பொத்தானில் கருவியை வைத்தால் 'டிக்' என்று பதிவாகும். ஒன்றை விட்டாலும் சம்பளத்தில் பிடிப்பார்கள். மூன்று மணிக்கு மேல் கண் சொருகும். அப்படி ஒரு சுற்றில்தான், சிறு வயதில் பரிசுக்காக மனப்பாடம் செய்த 130-ஆம் சங்கீதம் தானாக வாயில் வந்தது: "எப்பொழுது விடியும் என்று விடியற்காலத்துக்குக் காத்திருக்கிற ஜாமக்காரரைப்பார்க்கிலும் அதிகமாய் என் ஆத்துமா ஆண்டவருக்குக் காத்திருக்கிறது."

பின்வாசலிலேயே நின்றுவிட்டேன். ஜாமக்காரன் என்றால் ஜாகா. அது நான்தான்.

அதுவரை காத்திருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்றுதான் நினைத்திருந்தேன். விசுவாசம் இருந்தால் மனம் அமைதியாக இருக்கும், எனக்கு அமைதி இல்லை, ஆகவே என் விசுவாசம் போய்விட்டது என்று எண்ணிப் பயந்தேன். ஆனால் ஜாமக்காரன் உட்கார்ந்து காத்திருக்கிறவன் இல்லை. அவனுக்கு அமைதி இருக்கிறதோ இல்லையோ, சுற்றி வருகிறான். ஒவ்வொரு பொத்தானையும் தொடுகிறான். அடுத்த மணிக்கு மறுபடியும் கிளம்புகிறான். அந்தச் சங்கீதத்தின் தொடக்கமே "ஆழங்களிலிருந்து" என்பதுதான். ஆழத்தில் கிடப்பவன் அங்கிருந்தபடியே கூப்பிடுகிறான். அன்றிலிருந்து ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு பெயர் வைத்தேன். கார் தளத்தில் மனைவி. குப்பை அறையில் மகன். குளத்தருகே மூப்பர் ஐயா. பின்வாசலில், காரில் கை கொடுத்த அந்த மனிதர். நீளமான ஜெபம் இன்றும் எனக்கு வராது. பெயரைச் சொல்வேன், அவ்வளவுதான்.

மார்ச் 18-இல் கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. சபை மூடியது. காவலாளிகளுக்கு வேலை உண்டு என்பதால் கம்பெனிக் கடிதத்தைக் காட்டிப் பாலத்தைக் கடப்பேன். பதின்மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாலத்தில் சில இரவுகளில் என் மோட்டார் சத்தம் மட்டும்தான். கைப்பேசியில் வரும் ஆராதனையை நேப்பாளத்துத் தம்பி சுற்றுக்குப் போகும்போது காவல் கூண்டில் பார்ப்பேன். அவர் திரும்பி வந்தால் சத்தத்தைக் குறைப்பேன். "வேணாம் அண்ணே, பாட்டு நல்லா இருக்கு" என்று மலாயில் சொல்வார். அவர் ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்த பிறகு குப்பை அறையில் இரண்டு பெயர்.

மனைவி இன்னும் டயாலிசிஸில்தான் இருக்கிறாள். நானும் ஜாகாவாகத்தான் இருக்கிறேன். பினாங்கில் காலை ஏழு மணிக்குத்தான் சரியாக வெளுக்கும். சாவியை ஒப்படைத்துவிட்டுப் பாலத்தில் ஏறினால், எதிரே புக்கிட் மெர்தாஜாம் மலைப் பக்கமிருந்து வெயில் நேராக முகத்தில் அடிக்கும். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொள்வேன். வீட்டுக் கதவருகே அவள் பையோடு உட்கார்ந்திருப்பாள். பைக்குள் போர்வை, இரண்டு ரொட்டித் துண்டு. "சாப்பிட்டீங்களா?" என்பாள். பழைய புரோட்டோன் காரை எடுப்பேன். அவள் இயந்திரத்தில் இருக்கும் நான்கு மணி நேரமும் நான் வெளியே நாற்காலியில் தூங்குவேன்.