ஓம உப்பு, புதினா உப்பு, அணுக்கழிவு

தருமபுரி கடைவீதியில் நாட்டு மருந்துக் கடைக்குப் போய் ஓம உப்பையும் புதினா உப்பையும் ஒரே பொட்டலமாகக் கட்டி வாங்கினால், வீடு வருவதற்குள் கசிய ஆரம்பித்துவிடும். ஓம உப்பு என்கிற தைமால் தனியாக இருந்தால் 50 டிகிரி வாக்கில்தான் உருகும், மெந்தால் 42 வாக்கில். சேர்ந்தால் அறை வெப்பத்திலேயே திரவம். தண்ணீரோடு கலக்காது, செடியிலிருந்து கிடைக்கிறது. இந்த வகைக் கலவைகளைத்தான் அணுக்கழிவைப் பிரிக்கும் பசுமைக் கரைப்பான் என்கிறார்கள். முதுகலை மாணவர்கள் புராஜெக்ட்டுக்கு எடுக்குமுன் சிலவற்றை யோசிக்க வேண்டும்.

கல்பாக்கத்திலும் டிராம்பேயிலும் அணு எரிபொருளை மறுபடி பிரித்தெடுக்க இருப்பது பியூரெக்ஸ் முறை. எரிந்த எரிபொருளை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அமிலத்தை 3–4 மோலாரில் (லிட்டருக்கு 3–4 மோல்) வைத்து, டோடெக்கேன் போன்ற எண்ணெயில் 30 சதவீதம் டிரைபியூட்டைல் பாஸ்பேட் கலந்த கரைப்பானோடு கலக்குவார்கள். யுரேனியமும் புளூட்டோனியமும் எண்ணெய்க்கு ஏறும். சீசியம், ஸ்ட்ரான்சியம், அமெரிசியம் அமிலத்திலேயே தங்கும். பிறகு நீர்த்த அமிலத்தால் கழுவினால் யுரேனியம் இறங்கிவிடும்.

தொல்லை வருவது கரைப்பான் சிதையும்போது. கதிர்வீச்சும் அமிலமும் சேர்ந்து டிரைபியூட்டைல் பாஸ்பேட்டின் மூன்று பியூட்டைல் கிளைகளில் ஒன்றை உடைத்தால் டைபியூட்டைல் பாஸ்பேட் உண்டாகும். அது புளூட்டோனியத்தையும் சிர்கோனியத்தையும் பிடித்தால் விடாது. இரண்டு அடுக்குக்கும் நடுவே கசடு கட்டும். சோடியம் கார்பனேட்டால் கழுவினால் அந்தச் சோடியமும் கழிவுக் கணக்கில் ஏறும். கடைசியில் கரைப்பானை எரித்தாலும் பாஸ்பரஸ் மிஞ்சும்.

சரி, ஓம உப்புக் கலவை தாங்குமா? தைமால் 15 கிராம், மெந்தால் 15.6 கிராம் (1:1 மோல்). மூடிய குடுவையில் போட்டு 50 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வைத்து ஆட்டினால் தெளிந்த திரவம் வரும். தைமால் தோலை எரிக்கும், கையுறை போடாமல் தொட வேண்டாம். அதில் 10 மில்லி எடுத்து, புகைப்பெட்டிக்குள், அதே அளவு 3 மோலார் நைட்ரிக் அமிலத்தோடு கலக்கி வையுங்கள். வாயு வரலாம், மூடியை இறுக்காதீர்கள். நேரம் போகப் போக நிறம் மாறிக் கருக்கும். தைமால் ஒரு ஃபீனால், அதாவது பென்சீன் வளையத்தில் OH ஒட்டிய பொருள். நைட்ரிக் அமிலம் அந்த வளையத்தில் நைட்ரோ (NO₂) தொகுதியை ஏற்றிக் கெடுத்துவிடும். கதிர்வீச்சு வருமுன்பே கதை முடிந்தது.

தைமாலுக்குப் பதில் டெக்கனாயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் 17.2 கிராம் சேர்த்தால் ஃபீனால் தொல்லை இல்லை. ஆனால் கார்பனேட்டால் கழுவும்போது அது சோப்பாகிவிடும். நுரைத்த பால்மம் பிரிபுனலில் பிரியவே பிரியாது. பேர்பெற்ற கோலின் குளோரைடு–யூரியா கலவையோ (1:2) தண்ணீரில் அப்படியே கரைந்துபோகும், இரண்டு அடுக்கே கிடைக்காது.

என்னைக் கேட்டால், உலோகத்தைப் பிடித்து எண்ணெய்க்கு ஏற்ற அமைடுகள்தான் உருப்படியானவை. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் மட்டும் உள்ளவை. எரித்தால் சாம்பல் மிஞ்சாது. அமெரிசியத்துக்கு டி.ஓ.டி.ஜி.ஏ. (டெட்ராஆக்டைல் டைகிளைக்கலமைடு, TODGA) 0.1 மோலார், துணைக்கு டைஹெக்சைல் ஆக்டனமைடு 0.5 மோலார், டோடெக்கேனில். துணை இல்லாவிட்டால், உலோகம் அதிகம் ஏறும்போது எண்ணெயே இரண்டாகப் பிரிந்து மூன்றாம் அடுக்கு உண்டாகும். லாந்தனைடுகளும் (நியோடிமியம் போன்ற அருமண் உலோகங்கள்) கூடவே ஏறிவிடும், அவற்றைப் பிரிக்க இன்னொரு படி வேண்டும். டோடெக்கேன் பெட்ரோலியச் சரக்குதான், அதில் பசுமை ஒன்றும் இல்லை.

கல்லூரி ஆய்வகத்தில் அமெரிசியத்துக்குப் பதில் நியோடிமியம் நைட்ரேட் போதும், அதுவும் +3 அயனிதான். அதை அமிலத்தில் கரைத்து இந்த அமைடுக் கரைப்பானோடு கலக்கியபின் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, நீரடுக்கில் எவ்வளவு மிஞ்சியது என்பதை, உலோகத்தோடு சேர்ந்து நிறம் மாறும் ஆர்செனசோ–3 சாயத்தால் 650 நானோமீட்டர் ஒளி வாக்கில் அளங்கள். எண்ணெயில் ஏறியதை 0.01 மோலார் அமிலத்தால் இறக்கி அதையும் அளங்கள். இரண்டையும் கூட்டினால் தொடக்க அளவு வர வேண்டும். குறைந்தால், மிச்சம் இறங்காமல் எண்ணெயிலேயே நிற்கிறது, இல்லையென்றால் நடுவே கட்டிய கசடில் இருக்கிறது.