காலைல வர்றேன், வண்டியை ஸ்டார்ட் பண்ணாம வைங்க

செகண்ட் ஹேண்ட் வண்டி பாத்துக் கொடுக்கறது என்னோட முழுநேர வேலை இல்லைங்க. கோயம்புத்தூர்ல சின்னதா ஒரு ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன், ரெண்டு லிஃப்ட், கூட மூணு பசங்க, அதுக்கு முன்னாடி பதினோரு வருஷம் ஒரு டீலர் ஒர்க்‌ஷாப்ல டெக்னீஷியனா இருந்தேன். ஆனா இப்போ ஆறேழு வருஷமா வாரத்துக்கு ரெண்டு பேராவது "அண்ணா, ஒரு வண்டி பாத்து வச்சிருக்கேன், அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒருக்கா வந்து பாத்து சொல்லுங்ணா"ன்னு வந்துடறாங்க. பாதி சாதாரண ஸ்விஃப்ட், ஐ20. மீதி எல்லாம் போலோ ஜிடி, ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ், பிஎம்டபிள்யூன்னு வேகத்துக்குன்னே ஆசைப்பட்டு வாங்கற வண்டிங்க. நம்ம ஊர் அப்படி, எஃப்1 ஓட்டின நரேன் கார்த்திகேயனோட ஊரு, செட்டிபாளையத்துல ரேஸ் டிராக்கு, ஸ்கூல் படிக்கறப்பவே எக்ஸாஸ்ட் சத்தத்தை வச்சு வண்டி பேரு சொல்ற பசங்க வளர்ற ஊரு.

யார் கூப்பிட்டாலும் நான் சொல்ற முதல் வார்த்தை ஒண்ணுதான். விக்கறவர்கிட்ட சொல்லிடுங்க, காலைல ஆறரைக்கு வர்றேன், நான் வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணக்கூடாது. இது நான் சும்மா கத்துக்கிட்டது இல்ல. ஒரு ஒன்பது வருஷம் முன்னாடி ஒரு காலேஜ் வாத்தியாருக்கு ஒரு டர்போ பெட்ரோல் செடான் பாத்துக் கொடுத்தேன். நான் போனப்போ வண்டி ஓடிக்கிட்டு இருந்துச்சு, "உங்களுக்காக ஏசி போட்டு வச்சிருக்கேன் சார், உள்ள உக்காருங்க"ன்னு விக்கறவர் அவ்ளோ மரியாதையா சொன்னார், நானும் உக்காந்தேன், ஓட்டினேன், வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கற ஸ்கேனர் போட்டேன், எல்லாம் சுத்தமா இருந்துச்சு, வாங்குங்க சார்னு சொல்லிட்டேன். நாப்பது நாள்ல, வால்வு திறந்து மூடற நேரத்தைப் பாத்துக்கற டைமிங் செயின் பல்லு தாண்டி வால்வு எல்லாம் வளைஞ்சு போச்சு. அந்த மாதிரி இன்ஜின்ல செயினை இறுக்கிப் புடிக்கற டென்ஷனர் ஆயில் பிரஷர்ல நிக்கறது, ராத்திரி பூரா நின்ன வண்டியைக் காலைல ஸ்டார்ட் பண்ணா முதல் ரெண்டு செகண்டு மட்டும் கடகடன்னு ஒரு சத்தம் வரும், ஆயில் ஏறினதும் நின்னுடும். அந்த ரெண்டு செகண்டைத்தான் அவர் ஏசியைப் போட்டு மறைச்சார். வாத்தியார் என்னை ஒரு வார்த்தை திட்டலை, "பரவால்ல தம்பி"ன்னு மட்டும் சொன்னார், அது இன்னிக்கும் எனக்கு ஆறலை.

அதுக்கப்புறம் யார் பேச்சையும் நம்பறது இல்ல, ஸ்கேனரைத்தான் நம்பறேன். ராத்திரி பூரா நின்ன வண்டின்னா கூலண்ட் (இன்ஜினைக் குளிர வைக்கற தண்ணி) சூடு, உள்ள இழுக்கற காத்தோட சூடு, ஆயில் சூடு மூணும் கிட்டத்தட்ட ஒரே நம்பரா இருக்கணும், வெளிய 23 டிகிரின்னா அதுவும் அதை ஒட்டித்தான் காட்டணும். கூலண்ட் மட்டும் 50, 60ன்னு காட்டுச்சுன்னா யாரோ ஏற்கெனவே ஓட்டி சூடு பண்ணி வச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

போன வருஷம் திருப்பூர்ல பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கற ஒரு தம்பி வந்தான், 28 வயசு இருக்கும். 2018 ஆக்டேவியா விஆர்எஸ் ஒண்ணு பாத்து வச்சிருந்தான், சிகப்பு கலரு, சிங்கிள் ஓனர், மீட்டர்ல 38,000 கிலோமீட்டர். அந்த வண்டியைப் பத்தித் தெரியாதவங்களுக்கு சொல்றேன், 2017-ல இங்க வந்தப்போ எக்ஸ்ஷோரூமே 25 லட்சத்தை ஒட்டி, ரெண்டு லிட்டர் டர்போ, 230 குதிரைசக்தி, 350 நியூட்டன்மீட்டர் டார்க், ஆறு கியர் டிஎஸ்ஜி (ரெண்டு கிளட்ச் இருக்கற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்), வெளிய இருந்து பாத்தா குடும்பத்தோட கோயிலுக்குப் போற செடான் மாதிரி இருக்கும். அஞ்சு வருஷம் சேத்து வச்ச காசு, அப்பா பேர்ல போட்டிருந்த சீட்டு, மீதிக்கு லோன். அவன் போன்ல அந்த வண்டி போட்டோவை வால்பேப்பரா வச்சிருந்தான்.

வண்டி ஒரு கார் கன்சல்டிங்ல, அதாவது பழைய வண்டி வாங்கி விக்கற கடைல நின்னுச்சு. முதல் நாள் போனா கூலண்ட் 62 டிகிரி. ஒண்ணும் பேசாம திரும்பி வந்துட்டேன், நாளைக்கு வர்றேன்னு. மறுநாள் 24, 24, 24. ஸ்டார்ட் பண்ணினோம், எந்த சத்தமும் இல்ல, புகை இல்ல, ஐடில் ஆடாம நின்னுச்சு. தம்பி முகத்துல சிரிப்பு. அவங்க அப்பாவும் வந்திருந்தார், வேட்டி சட்டை, வண்டியைத் தொட்டுக்கூடப் பாக்காம தள்ளி நின்னுக்கிட்டு இருந்தார்.

இன்ஜின் கம்ப்யூட்டர்ல ஃபால்ட் ஒண்ணும் இல்ல. ஆனா ஃபால்ட் இல்லைங்கறதை நான் பெருசா எடுத்துக்க மாட்டேன், கடைசியா எப்போ அழிச்சாங்கன்னு ஒரு கணக்கு அதுலயே இருக்கும், அழிச்சதுக்கப்புறம் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு அதைத்தான் முதல்ல பாப்பேன். 41 கிலோமீட்டர்னு வந்துச்சு. கேட்டா "பேட்டரி மாத்தினோம் சார், அதான்"னாங்க. பேட்டரில 2021 முத்திரை, டெர்மினல் நட்டு மேல இருந்த தூசி கூடக் கலையலை.

சரின்னு ஒவ்வொரு கண்ட்ரோல் யூனிட்டா உள்ள போய்ப் பாத்தேன். நிறைய பேரு சாதாரண ஸ்கேனரை வச்சு இன்ஜின்ல இருக்கறதை மட்டும் அழிச்சுட்டு விட்டுடுவாங்க, ஆனா இந்த வண்டிகள்ல ஏசி, பார்க்கிங் சென்சார், கதவு, ஹெட்லைட்டுன்னு எல்லாத்துக்கும் தனித்தனி யூனிட்டு, ஒவ்வொண்ணுலயும் ஃபால்ட் பதிவாகறப்போ அந்த நேரத்து கிலோமீட்டரும் சேந்து பதிவாகும். பார்க்கிங் சென்சார் யூனிட்ல ஒரு பழைய ஃபால்ட், ஒண்ணுக்கும் ஆகாத ஃபால்ட், எப்பவோ ஒரு சென்சார் ஒயர் கழண்டது. அது பதிவானது 61,240 கிலோமீட்டர்ல. மீட்டர் 38,000 காட்டுது. அந்த ஸ்கிரீனை நான் ரெண்டு நிமிஷம் பாத்துக்கிட்டே நின்னேன்.

அதோட விட்டிருக்கலாம், ஆனா அப்பாகிட்ட சொல்றப்போ முழுசா சொல்லணும்னு தோணுச்சு, அதனால பேசி வண்டியை நம்ம லிஃப்டுக்குக் கொண்டு வந்தேன். டர்போவையும், அதுல இருந்து புகை வெளிய போற டவுன்பைப்பையும் புடிச்சிருக்கற கிளாம்ப் புத்தம் புதுசு, அதைச் சுத்தி எல்லாம் ஏழு வருஷத்துத் துரு. ஏர் ஃபில்டர் பாக்ஸ் நேத்து பெட்டிலருந்து பிரிச்ச மாதிரி பளபளன்னு. டர்போ ஹோஸ்ல கம்பெனி கிளிப் ரெண்டு இல்ல, அதுக்குப் பதிலா திருகற கிளிப். ஸ்பார்க் பிளக்கைக் கழட்டினா கம்பெனி போடறது இல்ல, அதைவிட ஒரு படி கோல்டான, சூட்டைச் சீக்கிரம் வெளிய விடற பிளக், கேப்பையும் குறைச்சு வச்சிருக்காங்க. கதை புரிஞ்சுடுச்சு. பெரிய டவுன்பைப், இன்டேக், ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டர் புரோகிராமை மாத்தி பவரை ஏத்தறது) எல்லாம் போட்டு நல்லா ஓட்டிட்டு, விக்கறப்போ எல்லாத்தையும் கழட்டித் தனியா வித்துட்டு ஸ்டாக் சாமானை, அதாவது கம்பெனி சாமானைத் திரும்ப மாட்டிட்டாங்க, பிளக்கை மட்டும் மறந்துட்டாங்க.

இங்க ஒண்ணு சொல்லணும். ரீமேப் பண்ணினதே தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், ஒழுங்கா பண்ணி, பில்லோட, "ஆமாங்க பண்ணிருக்கேன்"னு சொல்ற ஆள்கிட்ட நானே வாங்கச் சொல்லிக் கொடுத்திருக்கேன். பிரச்சனை நம்ம ஊர் பெட்ரோல்ல. இந்த வண்டி வந்தப்போ சாதா பங்க்ல கிடைச்சது 91 ஆக்டேன் (பெட்ரோல் தானா வெடிக்காம தாங்கற அளவு), ஆனா இதுக்கு ஸ்டாக்லயே 95 வேணும், டவுன்பைப்பும் மாத்திப் போடற ஸ்டேஜ் டூ மேப் எல்லாம் அதுக்கும் மேல எதிர்பாக்கும், எக்ஸ்பி95, எக்ஸ்பி100ன்னு ஆக்டேன் கூடின பெட்ரோல் வந்திருக்கு ஆனா எல்லா பங்க்லயும் இல்ல, விலையும் அப்படி. பூஸ்ட்டை (டர்போ அடிக்கற காத்தோட அழுத்தத்தை) ஏத்தி வச்சுட்டு அவசரத்துக்கு சாதா பெட்ரோல் அடிச்சு மிதிச்சா உள்ள நாக்கிங், பெட்ரோல் நேரம் தப்பி தானா வெடிக்கறது. ஸ்டாக் மேப்ல கம்ப்யூட்டர் டைமிங்கைப் பின்னாடி இழுத்துக் காப்பாத்தும், காசுக்காக அந்தக் காப்பையும் தளர்த்தி வச்சு மேப் போடறவங்க இருக்காங்க. அடி வாங்கறது பிஸ்டன்ல ரிங்கு உக்கார்ற விளிம்பு.

லீக்டவுன் போட்டேன். சிலிண்டருக்குள்ள காத்தை அடைச்சு எவ்ளோ கசியுதுன்னு பாக்கறது. மூணு சிலிண்டர் 8, 9, 10 சதவீதம். ரெண்டாவது சிலிண்டர் 22. ஆயில் ஊத்தற மூடியைத் திறந்து காதை வச்சா உஸ்ஸுன்னு காத்து அங்க வருது, அப்போ வால்வு இல்ல, ரிங்கு பக்கம்தான். போரோஸ்கோப்ங்கற குட்டிக் கேமராவை விட்டுப் பாத்தா அந்த பிஸ்டன் தலைல ஒரு ஓரம் மட்டும் கழுவி விட்ட மாதிரி சுத்தமா இருந்துச்சு, ஆயில் ஏறுற இடம். ஓட்டறப்போ இது ஒண்ணும் தெரியாதுங்க, அதான் கொடுமை, பிக்கப் அப்படியே சீட்டுல அழுத்தும், எவனா இருந்தாலும் மயங்கிடுவான்.

அப்பா கேட்டார், "வண்டி நல்லா இருக்குங்களா?" நான் இல்லைங்கன்னேன். தம்பி கொஞ்ச நேரம் தரையைப் பாத்துக்கிட்டு இருந்துட்டு "விலையைக் குறைச்சு வாங்கி இன்ஜினை சரி பண்ணிக்கலாமாண்ணா"ன்னான். இந்தக் கேள்வி எல்லாரும் கேப்பாங்க. இன்ஜினைப் பிரிச்சா லட்சக்கணக்குல ஆகும், அதைக்கூட விடு தம்பி, இந்த வண்டி இன்னும் வேற என்னெல்லாம் பட்டிருக்குன்னு நமக்குத் தெரியாது, அந்த டிஎஸ்ஜிக்கு 60,000 கிலோமீட்டர்ல ஆயில் மாத்தணும், ஷோரூம் பதிவு 34,000-த்தோட நிக்குது, மீட்டரைத் திருப்பினவன் கியர்பாக்ஸ் ஆயில் மாத்தியிருப்பான்னு எனக்கு நம்பிக்கை இல்லன்னு சொன்னேன். பார்த்ததெல்லாம் தேதி போட்டு எழுதி, படத்தோட, ஒரு காப்பி அவனுக்கு ஒரு காப்பி எனக்கு. கன்சல்டிங்காரர் அன்னிக்கு சாயங்காலம் போன் பண்ணி, அடுத்த தடவை கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க, உங்களுக்கும் ஒரு பத்தாயிரம் இருக்குன்னார். நான் வாங்கறவங்ககிட்ட மட்டும்தான் காசு வாங்கறேன், ஆரம்பத்துலருந்து அப்படித்தான்.

இந்த வேலைல வந்து நான் மனசார நம்பற ஒரு விஷயம் இருக்கு, சொன்னா கடைக்கு வர்ற தம்பிங்க யாரும் ஒத்துக்க மாட்டாங்க. வேகமான வண்டில குறைஞ்ச கிலோமீட்டர்ங்கறது எனக்கு சந்தோஷமான சேதி இல்ல. மீட்டரே உண்மைன்னாலும், வருஷத்துக்கு மூவாயிரம் ஓடின வண்டி பாதி நாள் சூடாகறதுக்குள்ள நிறுத்தினதா இருக்கும், சூடாகாத இன்ஜினை மிதிச்சதா இருக்கும், டயர் கெட்டியாகியிருக்கும், ஆயில் "இன்னும் கிலோமீட்டர் ஆகலையே"ன்னு ரெண்டு வருஷம் உள்ளயே கிடந்திருக்கும். லட்சம் தாண்டின வண்டின்னா அது ஏற்கெனவே என்ன பண்ணும் என்ன பண்ணாதுன்னு காட்டியிருக்கும்.

மூணு மாசம் கழிச்சு அதே தம்பிக்கு இன்னொரு விஆர்எஸ் கிடைச்சுது, ஈரோட்டுல ஒரு டாக்டர், 1,12,000 கிலோமீட்டர். தம்பிக்கு மனசே இல்ல. நான்தான் வற்புறுத்திக் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் ஒரு தடி ஃபைலை எடுத்து டேபிள்ல வச்சார். டிஎஸ்ஜி ஆயில் 57,000-ல ஒண்ணு, 1,09,000-ல ஒண்ணு. இந்த இன்ஜின்ல வாட்டர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் சேந்த பிளாஸ்டிக் ஹவுசிங் கசியும், அது ஊரறிஞ்ச விஷயம், அவர் 70,000-த்துல மாத்திட்டார். டைரக்ட் இன்ஜெக்ஷன், அதாவது பெட்ரோலை நேரா சிலிண்டருக்குள்ள அடிக்கற வண்டிகள்ல இன்டேக் வால்வுல பெட்ரோல் படாது, கரி ஏறும், அதையும் ஒருக்கா கழட்டி சுத்தம் பண்ணின பில்லு இருந்துச்சு. டயர் நாலும் ஒரே கம்பெனி, ஓரத்துல 3422ன்னு, 2022-ல 34-ஆவது வாரம் செஞ்சது. பெயிண்ட் தடிமனை அளக்கற கேஜை எடுத்தப்போ அவரே முந்திக்கிட்டு "இடது பக்க ஃபெண்டர் மட்டும் அடிச்சதுங்க, நம்ம கேட்லயே உரசிட்டேன்"னார். வச்சுப் பாத்தா மத்த இடமெல்லாம் 120 மைக்ரான் பக்கம், அது மட்டும் 260. லீக்டவுன் நாலும் 9-லருந்து 11. லோயர் ஆர்ம் புஷ் போயிருந்துச்சு, ஒரு இன்ஜின் மவுண்ட் போயிருந்துச்சு, ரெண்டுக்கும் காசைக் கழிச்சுக்கிட்டார்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் சென்னை வண்டிங்க நிறைய இந்தப் பக்கம் வந்துச்சு, அதனால சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்து மண்ணுக் கோடு இருக்கான்னு பாக்கறது, சீட் ரெயில் போல்ட்டு துரு, கார்பெட்டுக்கு அடில ஒயர் கனெக்டர்ல பச்சை பூத்திருக்கான்னு பாக்கறது இப்போ எல்லா வண்டிக்கும் பழக்கமாயிடுச்சு. இதுலயும் பாத்தோம், ஒண்ணும் இல்ல. அரசாங்கத்தோட பரிவாகன் சைட்ல லோன் நிலுவை, ஓனர் எண்ணிக்கை எல்லாம் சரி. லோன் முடிஞ்சதுக்கான பேங்க்கோட ஃபார்ம் 35-ஐ டாக்டர் கையிலயே வச்சிருந்தார். தம்பி வாங்கிட்டான், இப்போ 1,30,000 தாண்டிடுச்சு, சர்வீஸுக்கு இங்கதான் வர்றான், அப்பா முன்சீட்டுல உக்காந்து வர்றார்.

இந்த ஆடி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, கடை பாதி திறந்திருந்துச்சு, ஒரு சிகப்பு விஆர்எஸ் உள்ள வந்துச்சு. நம்பரைப் பாத்ததுமே தெரிஞ்சுடுச்சு. ஓட்டிட்டு வந்தவர் முப்பது முப்பத்தஞ்சு வயசு, பின்சீட்ல சின்னப் பொண்ணு தூங்கிக்கிட்டு இருந்தா. "அண்ணா, வண்டி சூப்பருங்ணா, ஆனா ஆயில் மட்டும் கொஞ்சம் குறையுது, ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் பக்கம் ஊத்தறேன், லேசா நீலப் புகை வருது"ன்னார். எத்தனை கிலோமீட்டர்ல வாங்கினீங்கன்னு கேட்டேன். 38,000னார், முகத்துல அவ்ளோ பெருமை.

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலைங்க. உள்ள போய் டிராயரைத் திறந்து, என் காப்பியைத் தேடி எடுத்து, அந்தத் தம்பியோட பேரு இருந்த இடத்தை மட்டும் மடிச்சு அவர் கைல கொடுத்தேன். அவர் சிலிண்டர் கணக்கையெல்லாம் படிக்கலை. முதல்ல மேல இருந்த தேதியைப் பாத்தார், அப்புறம் போனை எடுத்து தான் காசு கட்டின தேதியைத் தேட ஆரம்பிச்சார்.