பழைய படம் திரையை நிரப்பினால் எங்கோ தப்பு

43 அங்குல டிவியில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் திரை முழுக்க நிரம்பி ஓடினால், அது எடுத்த மாதிரி தெரியவில்லை என்று அர்த்தம்.

அந்தத் திரையின் அகலம் 95 செ.மீ., உயரம் 53.5 செ.மீ.; அதாவது அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 16:9. பழைய படங்களும் பழைய சீரியல்களும் 4:3 அளவுக்கு வருபவை. உயரம் முழுதாக இருக்கும்போது அவை 71 செ.மீ. அகலத்தில்தான் தெரிய வேண்டும். இரண்டு ஓரத்திலும் 12 செ.மீ. கறுப்பு இருக்கும். காசு கொடுத்து வாங்கிய திரை வீணாகிறதே என்று இழுத்துவிட்டால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகன்றுவிடும். நிலா முட்டையாகும், வண்டிச் சக்கரம் நசுங்கும். ‘ஜூம்’ போட்டால் வடிவம் கெடாது, ஆனால் உயரத்தில் கால் பங்கு போய்விடும். நாட்டியக் காட்சியில் இது தெளிவாகத் தெரியும். கை முத்திரை இருக்கும். சலங்கை கட்டிய பாதம் திரைக்குக் கீழே போயிருக்கும். ஆடியவரின் பாதி உழைப்பு அதில்தானே இருக்கிறது!

தமிழில் சினிமாஸ்கோப் என்னும் மிக அகலமான படம் 1973-இல் ‘ராஜராஜ சோழன்’ படத்தோடு வந்தது. ஸ்கோப் படத்துக்குக் கறுப்புப் பட்டை மேலும் கீழும் வரும். இதே டிவியில் ஒவ்வொன்றும் சுமார் 7 செ.மீ. அதுவும் சரியான அளவுதான், விட்டுவிடுங்கள்.

திருத்த வேண்டிய முதல் இடம் செட்டாப் பாக்ஸ். பலரும் டிவி ரிமோட்டையே அழுத்திக்கொண்டிருப்பதால்தான் தீர்வு கிடைப்பதில்லை. எச்டி பாக்ஸ், டிவியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ வயர் வழியாகப் பெரும்பாலும் 16:9 வடிவமாகவே அனுப்புகிறது. உள்ளே இருப்பது 4:3 படமா, இழுத்த படமா என்று டிவிக்குத் தெரியாது. பாக்ஸின் வீடியோ அல்லது டிஸ்ப்ளே செட்டிங்கில் டிவி வகையை 16:9 என்று வையுங்கள். 4:3 சேனலை எப்படிக் காட்டுவது என்ற இடத்தில் ‘பில்லர் பாக்ஸ்’ (இரண்டு ஓரத்திலும் கறுப்பு விடுவது) அல்லது ‘ஒரிஜினல்’ என்று வையுங்கள். ‘ஸ்ட்ரெட்ச்’, ‘ஃபுல் ஸ்கிரீன்’ வேண்டாம். அதன்பின் டிவியில் 16:9 வைத்தால் போதும். டிவியில் 4:3 வைத்துச் சமாளித்தால் எச்டி சேனலில் எல்லோரும் ஒல்லியாக நிற்பார்கள்.

சில சேனல்கள் ஒளிபரப்பும்போதே இழுத்துவிடுகின்றன. அந்தப் படத்துக்கு மட்டும் டிவியை 4:3-க்கு மாற்றி, முடிந்ததும் திருப்புங்கள். நான்கு பக்கமும் கறுப்பு சூழ்ந்து படம் நடுவில் சிறிதாகத் தெரிந்தால், அப்போதுதான் ஜூம் சரி. வெட்டுப்படுவது வெறும் கறுப்பு.

செய்திச் சேனலில் கீழே ஓடும் எழுத்து பாதி மறைகிறதா? டிவி, படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டி, மிச்சத்தைப் பெரிதாக்குகிறது. எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சாம்சங்கில் ‘ஃபிட் டு ஸ்கிரீன்’, சோனியில் ‘ஃபுல் பிக்சல்’ என்று தேடுங்கள். படமும் கொஞ்சம் கூர்மையாகும்.

இனி ஒலி. வசனம் கேட்கவில்லை என்று வால்யூமை ஏற்றுவதும், பாட்டு வந்ததும் பதறிக் குறைப்பதும் பெரும்பாலும் ‘சரவுண்ட்’ மோடால் வரும் தொல்லை. இடது வலது என இரண்டு தடமாக வரும் ஸ்டீரியோவில் வசனம் இடது வலது இரண்டிலும் ஒரே அளவில் இருக்கும். வயலினும் தாளமும்தான் பக்கம் பக்கமாகப் பிரிந்திருக்கும். டிவியின் சரவுண்ட் இந்த வித்தியாசத்தைத்தான் தூக்கிக் காட்டுகிறது, அதனால் குரல் அடங்கிவிடும். ஒரே தடத்தில் ஒலி பதிந்த (மோனோ) பழைய படத்தில் பிரிப்பதற்கு எதுவுமே கிடையாது. சில டிவிகள் எதிரொலியைத்தான் சேர்க்கும். ‘ஸ்டாண்டர்ட்’ வைத்துப் பாருங்கள். வயதானவர்கள் பார்க்கும் வீட்டில் ‘கிளியர் வாய்ஸ்’ நல்லது. பாட்டுக்கு அதை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் குரல் தகரம் மாதிரி ஒலிக்கும்.

தனி ஹோம் தியேட்டருக்கு ஆப்டிகல் வயர் போட்டு, சில சேனல்களில் மட்டும் சத்தமே வராவிட்டால், அந்தச் சேனலின் டால்பி ஒலியை உங்கள் கருவி பிரிக்கத் தெரியாததாக இருக்கலாம். பாக்ஸின் ஆடியோ அவுட்டை ‘பிசிஎம்’ ஆக்குங்கள்; பாக்ஸே ஒலியைப் பிரித்து அனுப்பிவிடும்.

பாட்டில் இசை மட்டும் இருந்து குரல் காணாமல் போனால், முதலில் ஹெட்ஃபோன் பின்னைத் தொட்டுப் பாருங்கள். அது முழுதாக உள்ளே போகாமல் எர்த் தொடர்பு (இரண்டு பக்கத்துக்கும் பொதுவான இணைப்பு) விட்டிருக்கும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான குரல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தனி ஸ்பீக்கரில் குரல் நடுவில் நிற்காமல் அலைந்து பேஸும் மெலிந்தால், ஒரு ஸ்பீக்கரின் வயர் தலைகீழ். வயரின் ஒரு இழையில் கோடு போட்டிருக்கும். கோடு போட்டதை இரண்டு ஸ்பீக்கரிலும், ஆம்ப்ளிஃபையர் பெட்டியின் பின்னாலும் கறுப்பு முனையில் மாட்டுங்கள்.